மிளகின் சாரமும் பெட்ரோலியக் கரைப்பானும்

கொச்சி நகரின் மட்டாஞ்சேரிப் பகுதியில், 1568-ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற யூதர் ஆலயத்தை நோக்கிச் செல்லும் தெருவும் அதன் சுற்றுப்புறமும் ஜூ டவுன் என வழங்கும். 1948-ல் இஸ்ரேல் நாடு தோன்றிய பின்னர் இங்கு வாழ்ந்த யூதக் குடும்பங்களிற் பெரும்பாலானவை அந்நாட்டிற்குப் பெயர்ந்து விட்டன. அவர்கள் வாழ்ந்த வீடுகள் பலவற்றில் இன்று பழம்பொருட் கடைகள் நடைபெறுகின்றன. ஆயினும் மிளகும் சுக்கும் ஏலமும் கலந்த பண்டசாலை வாசனை தெருவை விட்டு அகலவில்லை. 1957-ல் அமைந்த இந்திய மிளகு, நறுமணப் பண்ட வணிகர் சங்கம், மிளகுக்கு முன்பேர வணிகம் நடத்தியதும் இத்தெருவிலேயே.

மிளகின் தரத்தை அறிய வணிகர்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறை மிக எளியது. ஒரு லிட்டர் கொள்ளும் பாத்திரத்தில் மிளகை நிரப்பி எடை பார்ப்பார்கள். 550 கிராம் நின்றால் நல்ல சரக்கு. எடை குறையக் குறைய விலையும் குறையும். உள்ளீடற்ற பொக்கு மிளகு புடைத்து ஒதுக்கப்படும். உருண்டு திரண்டு கறுத்த மணியையே கண்ணும் தராசும் விரும்பும்.

ஆனால், மிளகிலிருந்து சாரம் எடுக்கும் தொழிற்சாலைக்காரர் இந்த மதிப்பைத் தலைகீழாக்கி விட்டார். அவர் பெரும்பாலும் நாடுவது, முற்றுவதற்கு முன்பே பறித்த, எடை குறைந்த மிளகையே. காரணம் யாதெனில், மணத்தைத் தரும் எண்ணெயும் காரத்தைத் தரும் பைப்பரீன் என்னும் பொருளும் காய் இளமையாக இருக்கும்போதே அதில் சேர்ந்து விடுகின்றன. பின்னர் காய் முற்றும்போது சேர்வது முக்கியமாக மாவுப்பொருள். அம்மாவு மணியைக் கனமாக்குகிறது. கூடவே காரத்தின் விகிதத்தையும் குறைத்து விடுகிறது. இலங்கை மிளகைச் சாரம் எடுப்போர் விரும்புவதும் அதிற் பைப்பரீன் மிகுதியாக இருப்பதனாலேயே.

இந்தப் பைப்பரீனை 1819-ல் முதன்முதலாகப் பிரித்தெடுத்தவர் டென்மார்க் நாட்டு விஞ்ஞானி எர்ஸ்டெட். மின்சாரத்திற்கும் காந்தத்திற்கும் உள்ள தொடர்பை மறு ஆண்டில் கண்டறிந்து பெரும்புகழ் எய்தியவரும் இவரே. அப்புகழின் நிழலில் அவருடைய மிளகு ஆராய்ச்சி மறைந்து போயிற்று. பைப்பரீன் தண்ணீரில் மிகச் சிறிதளவே கரையும். நீராவியுடன் சேர்ந்து வெளிவருவதும் இல்லை. ஆகவே, நீராவியால் வாலை வடித்தால் மிளகின் மணம் மட்டுமே கிடைக்கும். காரம் சக்கையிலேயே தங்கிவிடும். இரண்டும் ஒருங்கே வேண்டுமாயின் தக்கதொரு கரைப்பானை நாடுவதன்றி வேறு வழியில்லை. அவ்வாறு எடுக்கப்படும் கெட்டியான, கரும்பச்சை நிறமுடைய சாரத்திற்கு ஓலியோரெஸின், அதாவது எண்ணெய்ப் பிசின், என்று பெயர்.

மைசூரில் 1950-ல் தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுணுக்க ஆராய்ச்சிக் கழகம் இத்துறையில் நெடுங்காலம் ஆராய்ந்து வந்திருக்கிறது. அங்குப் பணியாற்றிய வி. எஸ். கோவிந்தராஜன் மிளகின் ரசாயனம் பற்றி 1977-ல் வெளியிட்ட விரிவான ஆய்வுத் தொகுப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. 1972-ல் கொச்சிக்குக் கிழக்கே கோலஞ்சேரிக்கு அருகில் ஸிந்தைட் நிறுவனம் தோன்றியது. ஜூ டவுன் பண்டசாலைகளில் மூட்டையாக விற்ற பொருள், எறணாகுளம் மாவட்டத்தின் தொழிற்சாலைகளில் பீப்பாயில் அடைத்து அனுப்பும் திரவமாக மாறலாயிற்று.

கரைப்பான்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. 56 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும் அஸிட்டோன், எண்ணெய், காரம், நிறம் ஆகிய யாவற்றையும் கரைப்பது. வேண்டாதவற்றையும் சிறிது சேர்த்து இழுத்து வருவது. சுமார் 69 டிகிரியில் கொதிக்கும் ஹெக்ஸேன் மிளகாயின் செந்நிறத்தையும் கொழுப்பையும் எளிதில் கரைக்கும். பைப்பரீனிடமும் மஞ்சளின் குர்க்குமினிடமும் அதன் ஆற்றல் செல்லாது. இவற்றை நன்கு கரைக்கும் எத்திலீன் டைகுளோரைடு முற்காலத்தில் பெரிதும் உபயோகத்தில் இருந்தது. அது புற்றுநோய் விளைவிக்கக்கூடும் எனக் கண்டபின் அதன் மதிப்புக் குறைந்தது. ஐரோப்பியக் கூட்டமைப்பு 2009-ல் வெளியிட்ட உணவுக் கரைப்பான் பட்டியலில் அது இடம்பெறவில்லை.

இவற்றுள் ஹெக்ஸேன் நேராகப் பெட்ரோலியத்திலிருந்து வருவது. கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடிக்கும்போது மண்ணெண்ணெய்க்கு முன்னதாக ஆவியாகி வரும் இலேசான பகுதியிலிருந்து அதனைப் பிரித்து, கந்தகத்தையும் பென்ஸீனையும் நீக்கித் தூய்மை செய்கின்றனர். சென்னையை அடுத்த மணலியிலுள்ள சுத்திகரிப்பு ஆலையும் உணவுத்தர ஹெக்ஸேனைத் தயாரித்திருக்கிறது. மோட்டாருக்கான எரிபொருளும் மசாலாவின் சாரத்தைப் பிரிக்கும் திரவமும் ஒரே கச்சாப் பொருளின் அண்டை வீட்டார் என்பது பலருக்கு வியப்பளிக்கும்.

தொழிற்சாலையில் நடைபெறும் வேலையைச் சுருங்கச் சொல்லலாம். பொடியாக்கிய மிளகைத் துருவேறாத எஃகினாலான உயர்ந்த கலங்களில் இட்டு, மேலிருந்து கரைப்பானை மெல்ல இறங்கச் செய்வர். அடியில் வடியும் கரைசலைச் சூடேற்றிக் கரைப்பானை ஆவியாக்கி, அந்த ஆவியைக் குளிரவைத்து மீண்டும் திரவமாக்கி, அடுத்த கலத்திற்கு அனுப்புவர். எஞ்சும் சாரத்தில் ஒட்டியிருக்கும் கரைப்பானை வெற்றிட முறையில் வெளியேற்றுவர். சக்கையினுள் தங்கியதை நீராவி கொண்டு விரட்டுவர். கரைப்பானை உள்ளே செலுத்துவது எளிது. முழுமையாக வெளியே கொணர்வதிலேயே இத்தொழிலின் நுணுக்கமும் செலவும் அடங்கியுள்ளன. திரும்பி வராத ஒவ்வொரு லிட்டரும் மூன்றில் ஓரிடத்திற்குச் சென்றிருக்க வேண்டும்: சாரத்தில், சக்கையில், அல்லது தொழிலாளி சுவாசிக்கும் காற்றில்.

ஹெக்ஸேன் ஆவி காற்றைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு கனமானது. அது மேலே எழாமல் தரையோடு படர்ந்து பள்ளங்களிலும் சாக்கடைகளிலும் தேங்கும். காற்றில் நூற்றுக்கு 1.1 பங்கு சேர்ந்தாலே ஒரு தீப்பொறி அதனை வெடிக்கச் செய்யும். அமெரிக்காவின் லூயிவில் நகரில், சோயா மொச்சையிலிருந்து எண்ணெய் எடுக்கும் ஆலை ஒன்றிலிருந்து கசிந்த ஹெக்ஸேன் நகரின் சாக்கடையில் கலந்தது. 1981-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள் விடியுமுன் அது வெடித்து, மைல் கணக்கில் தெருக்களைப் பிளந்தது. உயிர்ச்சேதம் ஏற்படாதது நற்பேறு என்றே சொல்ல வேண்டும். வீடும் கடையும் கிடங்கும் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் ஜூ டவுன் போன்றதொரு தெருவில் இத்தகைய ஆலைக்கு இடமில்லை என்பதை விளக்க வேண்டுவதில்லை. நம் நாட்டின் பெட்ரோலிய விதிகளும், 23 டிகிரிக்குக் குறைந்த உஷ்ணத்திலேயே பற்றிக்கொள்ளும் திரவங்களை முதல் வகுப்பில் வைத்து, அவற்றைச் சேமிக்கும் இடத்திற்கும் பிற கட்டடங்களுக்கும் இடைவெளி வேண்டுமென விதித்துள்ளன. ஹெக்ஸேன் உறைநிலைக்கும் கீழே, சுமார் மைனஸ் 22 டிகிரியிலேயே பற்றக்கூடியது.

வெடிப்பு ஓசையோடு வரும். ஓசையின்றி வரும் தீங்கும் ஒன்று உண்டு. 1960-களில் ஜப்பானில், ஹெக்ஸேன் கலந்த பசையைக் கொண்டு வீட்டிலிருந்தே செருப்பு ஒட்டிய தொழிலாளர் பலருக்குக் கைகால்கள் மரத்துப்போய்த் தசைகள் வலுவிழந்தன. உடலினுள் ஹெக்ஸேன் மாறுதலடைந்து 2,5-ஹெக்ஸேன்டையோன் என்னும் பொருளாகிறது என்றும், அதுவே நீண்ட நரம்புகளைத் தாக்குகிறது என்றும் பின்னர் தெளிவாயிற்று. தொழிற்சுகாதார வல்லுநர்கள் எட்டு மணி நேர வேலைக்குப் பரிந்துரைக்கும் வரம்பு, பத்து லட்சம் பங்கு காற்றில் 50 பங்கு. அமெரிக்கச் சட்டமோ இன்னும் 500 பங்கு வரை அனுமதிக்கிறது.

தீப்பிடிக்கும் அபாயத்தை அறிவிக்கும் கருவி, வெடிக்கும் அளவில் பத்தில் ஒரு பங்கு ஆவி சேர்ந்ததும் மணியடிக்குமாறு அமைக்கப்பட்டிருந்தால், அது பத்து லட்சத்தில் 1,100 பங்கைக் கண்ட பின்னரே வாய்திறக்கும். நரம்புகளுக்கான வரம்பைப்போல் இது 22 மடங்கு. கருவி மௌனமாக இருப்பதைக் கண்டு காற்றும் நலமாக உள்ளது என முடிவு செய்வது தவறு.

உண்பவரைக் காக்கும் ஏற்பாடு இதனினும் கண்டிப்பானது. நறுமணச் சாரத்தில் தங்கக்கூடிய கரைப்பானுக்கு அமெரிக்க உணவு விதி வகுத்துள்ள உச்சவரம்பு, பத்து லட்சம் பங்கில் ஹெக்ஸேன் 25, அஸிட்டோன் 30, எத்திலீன் டைகுளோரைடு 30. வாங்குவோர் மாதிரியைச் சூடாக்கி, எழும் ஆவியை வாயு நிறப்பகுப்புக் கருவியிற் செலுத்தி அளந்து பார்க்கின்றனர். வரம்பை மீறிய சரக்கு திரும்பி வரும். அந்த நஷ்டத்திற்கு அஞ்சியே எண்கள் சரியாக வைக்கப்படுகின்றன. சாரத்திலுள்ள கரைப்பானை அளக்க வெளிநாட்டு வணிகர் இருக்கிறார். சக்கையை வாரும் தொழிலாளியின் மூக்கருகே உள்ள கரைப்பானை அளக்கும்படி கேட்க எந்த வணிகரும் இல்லை. அந்த அளவைத் தொழிற்சாலை தானாகவே எடுக்க வேண்டும்; அல்லது ஆய்வாளர் வந்து எடுக்க வேண்டும். சாரத்தின் சான்றிதழ் குற்றமற்றதாய் இருக்க, கலத்தின் வாயைத் திறந்து சூடான சக்கையை வெளியே தள்ளும் அந்தச் சில நிமிஷங்களில் காற்று எவ்வாறிருந்தது என்பது எந்தத் தாளிலும் ஏறாமற் போகலாம்.

ஹெக்ஸேனின்றியே சாரம் எடுக்கும் முறையும் வழக்கில் உள்ளது. கரியமில வாயுவை 31 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணத்தில், காற்றழுத்தத்தைப்போல் 73 மடங்குக்கு மேல் அழுத்தினால், அது வாயுவுமன்றித் திரவமுமன்றி இரண்டின் குணங்களும் கொண்டதாகிறது. சாரத்தைக் கரைத்துக்கொண்டபின் அழுத்தத்தைத் தளர்த்தினால் அது மிச்சமின்றிப் பறந்து விடுகிறது. தீப்பற்றும் அச்சமில்லை, உணவில் எச்சமும் இல்லை. ஆயின் பைப்பரீனைக் கரைக்க மிக உயர்ந்த அழுத்தம் வேண்டியிருப்பதால் தடித்த எஃகுக் கலங்களின் விலை கூடுகிறது. எனவே பெரும் அளவிலான மலிவுச் சரக்குக்குப் பழைய கரைப்பான்களே இன்றும் பயன்படுகின்றன. மேலும், கரியமில வாயுவும் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் பள்ளமான இடங்களில் தேங்கி மூச்சுத்திணற வைக்கக்கூடியது. ஆகையால் அத்தகைய ஆலைகளிலும் காற்றைச் சோதிக்கும் கருவிகள் தரையை ஒட்டியே பொருத்தப்படுகின்றன.