மனையிற் கட்டும் படகு வீடு

நிலத்தின்மேல் வீடு கட்டி வாழ்தல் மக்கட்குப் பொதுவியல்பு. ஆயினும், நீரின்மேல் வீடு கட்டி வாழ விழைந்தோரும் எக்காலத்தும் சிலர் இருந்துளர். வட அமெரிக்காவில் ஒஹையோ, மிசிசிப்பி முதலிய பேரியாறுகளின் கரைகளில், கிடைத்த பலகைகளைக் கொண்டு படகின்மீது சிறு குடில் அமைத்து, மீன் பிடித்தும் கூலிவேலை செய்தும் காலங்கழித்த ஏழை மக்கள் பலர் இருந்தனர். ஹார்லன் ஹப்பர்டு என்னும் ஓவியர் 1944-ஆம் ஆண்டில், கென்டக்கி மாகாணத்து ஒஹையோ ஆற்றங்கரையில், தம் மனைவியாருடன் அத்தகைய படகொன்றைத் தம் கையாலேயே கட்டினார். 1946-ஆம் ஆண்டின் இறுதியில் நீரோட்டத்தின் வழியே புறப்பட்டுச் சில ஆண்டுகளில் நியூ ஆர்லியன்ஸ் நகரை அடைந்தார். அப்பயணத்தைக் குறித்து அவர் எழுதிய நூல் 1953-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

ஹப்பர்டு காலத்துப் படகு பலகைகளை அடுத்தடுத்து அடித்து, இடைவெளிகளைக் கலப்பற்றிச் செய்யப்பட்டது. அதன்பின் இரண்டு புதுப்பொருள்கள் பொதுமக்கள் கைக்கு எட்டின. ஒன்று, ப்ளைவுட் என வழங்கும் ஒட்டுப்பலகை. மற்றொன்று, ஃபைபர் கிளாஸ் எனப்படும் கண்ணாடியிழைத் துணி. இவ்விரண்டினாலும், தச்சுத் தொழிலில் முழுத் தேர்ச்சியில்லாதவனும் தன் வீட்டு முற்றத்திலேயே பெரியதொரு படகு வீட்டைக் கட்டி முடிக்கலாம் என்னும் நிலை உண்டாயிற்று. கட்டி முடித்தவரும் பலர். பாதியிற் கைவிட்டவரும் பலர். இவ்விரு திறத்தாரையும் பிரிப்பது யாது? கைத்திறன் மட்டும் அன்று. முதற்பலகையை அறுக்குமுன் செய்யவேண்டிய கணக்கே பெரும்பாலும் இதனை முடிவு செய்கின்றது. அக்கணக்கையும், அதன்பின் வரும் வேலையின் முறையையும் இக்கட்டுரையில் சுருக்கமாகக் கூறுவோம்.

ஆர்க்கிமிடீஸ் விதியை நம் மாணவர் யாவரும் ஆய்வகத்தில் நிறுத்துப் பார்த்துளர். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்குகின்றது என்பதே அது. படகு கட்டுவோனுக்கு இவ்விதியே முதலும் முடிவும் என்னலாம். எடுத்துக்காட்டாக, 36 அடி நீளமும் 12 அடி அகலமும் 3 அடி உயரப் பக்கங்களும் உடைய, தட்டையான அடியினதாகிய படகொன்றைக் கொள்வோம். அணியத்திலும் அமரத்திலும் உள்ள சரிவை நீக்கினால் நீரிற் படியும் நீளம் 32 அடி எனலாம். 32-ஐ 12-ஆற் பெருக்க 384 சதுர அடி. இப்படகு ஓர் அங்குலம் தாழுமாயின் 32 கன அடி நீர் விலகும். ஒரு கன அடி நன்னீரின் எடை 62.4 ராத்தல் ஆதலின், ஓர் அங்குல ஆழம் ஏறத்தாழ 2,000 ராத்தல் எடையைத் தாங்கும் என்பது பெறப்படும்.

இனி, எடையைக் கூட்டுவோம். 8 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள அரையங்குல ஒட்டுப்பலகை ஒன்று ஏறத்தாழ 48 ராத்தல் நிற்கும். அடித்தளம் இரட்டைப் பலகை, பக்கங்கள், குறுக்குச் சுவர்கள், மேல்தளம் ஆகியவற்றிற்கு அறுபதுக்குச் சற்றுக் குறைந்த பலகைகள் செல்லும். அவை 2,800 ராத்தல். வங்குகளுக்கும் சட்டங்களுக்கும் 1,700. பிசினும் இழைத்துணியும் 1,200. மேலுள்ள அறைகளும் கூரையும் 3,300. எஞ்சின், எரிபொருள், பாட்டரிகள் 1,500. குடிநீரும் கழிவுநீரும் 1,500. அடுப்பு, கட்டில், அலமாரி முதலியன 2,000. மக்களும் அவர்தம் மூட்டைகளும் 2,000. ஆகக் கூடுதல் 16,000 ராத்தல். இதனை 2,000-ஆல் வகுக்கப் படகு 8 அங்குலம் தாழும். நீருக்குமேல் 28 அங்குலப் பக்கம் எஞ்சி நிற்கும். இது நல்ல அளவே. ஆனால், வேலை நடக்குங்கால், "இன்னும் ஒரு பலகை போட்டால் உறுதியாயிருக்குமே" என்று அடிக்கடி தோன்றும். அவ்வெண்ணத்திற்கு இடங்கொடுத்துக்கொண்டே போயின் படகு பாரத்தால் அமிழும். ஏறும் ஒவ்வொரு பொருளையும் நிறுத்து ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தலே இதற்கு மருந்து.

மிதத்தல் வேறு, கவிழாது நிற்றல் வேறு. கவிழாமைக்கு முதற்காரணம் அகலம். மேற்கூறிய படகின் எடையையும் நீளத்தையும் மாற்றாது, அகலத்தை மட்டும் 12 அடியிலிருந்து 8 அடியாகக் குறைத்தோமாயின், சாய்ந்த படகை நிமிர்த்தும் ஆற்றல் எவ்வளவு குறையும்? மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று விடை கூறுதல் எளிது, அது பிழை. அகலம் ஈண்டு மும்மடிப் பெருக்கமாகத் தொழிற்படுகின்றது. அகலத்தினால் வரும் நிமிர்த்தும் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கினும் குறைவாகச் சுருங்கிவிடும். கூரைமேல் பத்துப்பேர் ஏறி ஒரு பக்கத்தே நின்று வேடிக்கை பார்க்குங்கால், அகன்ற படகு சிறிதே சாயும். ஒடுங்கிய படகில் இருப்போர் நெஞ்சம் நடுங்கும்.

அங்ஙனமாயின் அகலமாகவே கட்டுவோம் எனின், மற்றொரு தடை எதிர்ப்படும். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் 8 அடி 6 அங்குலத்திற்கு மேற்பட்ட அகலமுள்ள பொருளைத் தனி உரிமைச்சீட்டின்றிக் கொண்டுசெல்லலாகாது. "ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும்" என்னும் நம் பழமொழி வீட்டில் படகு கட்டுவோன் மறக்கலாகாத ஒன்று. முற்றத்தில் கட்டிய படகு வாயிலின் வழியே வெளியேறுமா, தெருவில் திரும்புமா, மரக்கிளைகளும் மின்கம்பிகளும் இடந்தருமா என்பவற்றை முன்னரே அளந்து பார்த்தல் வேண்டும். இதுபற்றியே சிலர் உடலை நீளவாக்கில் இரு பாதிகளாகச் செய்து ஆற்றங்கரையிற் பொருத்துவர். வேறு சிலர் அறைகளைத் தனியே செய்து, உடல் நீரில் இறங்கியபின் ஏற்றுவர்.

இனிப் பொருள்களின் இயல்பை ஆராய்வோம். மரம் இழையோட்டத்தின் வழி வலியது; குறுக்கே மெலியது; எளிதிற் பிளப்பது. மெல்லிய ஏடுகளாக மரத்தைச் சீவி, ஓர் ஏட்டின் இழை அடுத்ததற்குக் குறுக்காக அமையுமாறு ஒற்றைப்பட்ட எண்ணிக்கையில் அடுக்கி ஒட்டினால், இருதிசையிலும் வலிமை பெறுவதோடு ஈரத்தால் விரிதலும் சுருங்குதலும் மிகக் குறையும். இதுவே ஒட்டுப்பலகை. பழைய பசைகள் நீர் பட்டால் விட்டுவிடும். 1934-ஆம் ஆண்டில் வாஷிங்டன் மாகாணத்து ஆபர்டீன் நகரில் ஜேம்ஸ் நெவின் என்னும் இரசாயன அறிஞர் நீருக்கு அசையாத பசையைக் கண்ட பின்னரே இப்பலகை படகிற்குத் தகுதியாயிற்று. வாங்குவோன் செய்யத்தக்க எளிய சோதனை ஒன்றுண்டு: பலகையின் சிறு துண்டை ஒரு மணி நேரம் கொதிநீரில் இட்டு, உலர்த்திப் பார்த்தல். ஏடுகள் பிரிந்தால் அப்பலகை படகுக்கு ஆகாது. உள்ளேடுகளில் பொத்தல்கள் இருப்பினும் ஆகாது.

கண்ணாடியிழை 1930-களில் ஒஹையோ மாகாணத்தில் தொழிற்பொருளாக உருப்பெற்றது. 1942-ஆம் ஆண்டில் ரே கிரீன் என்பார் அங்கேயே இழையும் பாலியெஸ்டர் பிசினும் கொண்டு சிறு படகு செய்தார். ஆயினும் பாலியெஸ்டர் பிசின் மரத்தை இறுகப் பற்றுவதன்று. ஆண்டுகள் சில கழியின் உரிந்துவிடுதல் உண்டு. எபாக்ஸிப் பிசின் அங்ஙனமன்றி மரத்தோடு ஒன்றிவிடும். மிச்சிகன் மாகாணத்துப் பே சிட்டி நகரில் 1969-ஆம் ஆண்டில் தொழில் தொடங்கிய கூஜன் சகோதரர், மரத்தின் எல்லா முகங்களையும் எபாக்ஸியால் மூடிக் கட்டும் முறையைப் பரப்பினர்.

வேலைமுறை வருமாறு. எட்டடிப் பலகைகளை நீளமாக்குதற்கு, அவற்றின் விளிம்புகளைச் சரிவாகச் சீவி ஒன்றன்மேலொன்று ஒட்டுவர். சரிவின் நீளம் பலகைக் கனத்தின் எட்டு மடங்கு. அரையங்குலப் பலகைக்கு 4 அங்குலம். உடலைக் கவிழ்த்து வைத்துக் கட்டுதலே பெருவழக்கு. அடிப்புறம் மேனோக்கி இருப்பதால் இழைத்துணியை விரித்துப் பிசின் பூசுதல் எளிதாகும். மூலைகளில் மரத்தூள் முதலியன கலந்து குழைத்த பிசினை வளைவாக அப்பி, அதன்மேல் இழைப்பட்டைகளை ஒட்டுவர். ஒட்டி முடிந்தபின் ஏறத்தாழ மூன்று டன் எடையுள்ள உடலைப் புரட்டி நிமிர்த்த வேண்டும். அந்நாளே இப்பணியில் அச்சமிக்க நாள். கப்பியும் சங்கிலியும் நண்பர் பலரும் வேண்டும்.

பிசினைக் கையாளுதற்கும் ஒழுங்குண்டு. பிசினையும் ஹார்டனர் என்னும் இறுகுமருந்தையும் சொல்லிய அளவிற் பிசகாது கலத்தல் வேண்டும். மருந்தை மிகுத்தால் விரைந்து இறுகும் என்பது தவறு. அது முழுமையாக இறுகாமலே நின்றுவிடும். பெருங்கலத்தில் கலந்து வைத்தால் தன் வெப்பத்தால் தானே புகைந்து கெடும். ஆதலின் சிறிது சிறிதாகக் கலந்து அகன்ற தட்டில் ஊற்றுவர். வெறுங்கையால் தொடுவோர்க்கு நாளடைவில் தோல் தடித்து, அப்பொருளையே அணுகவியலாத ஒவ்வாமை உண்டாகும். கையுறையும், இழையைத் தேய்க்குங்கால் மூச்சுக்கவசமும் இன்றியமையாதன. வெயில் எபாக்ஸியைக் கெடுக்குமாதலின் அதன்மேல் வண்ணம் பூசாது விடலாகாது.

இத்துணையும் செய்தபின் படகைக் கெடுக்கவல்லது ஆற்றுநீர் என்று பலரும் எண்ணுவர். உண்மை வேறு. கீழிருந்து வரும் நீரினும் மேலிருந்து வரும் மழைநீரே மரத்தை உளுக்கச் செய்கின்றது. சன்னலோரத்தில் ஒரு திருகாணித் துளை வழியே நுழையும் துளி, வெளியேற வழியின்றி உள்ளே தங்கிக் காளானை வளர்க்கும். இதற்கு அறிந்தோர் செய்யும் உபாயம்: துளையைப் பெரிதாகக் குடைந்து, பிசினால் நிரப்பி, இறுகியபின் அப்பிசினின் நடுவே சிறுதுளையிட்டுத் திருகாணியைச் செலுத்துதல். அடியறைகளில் காற்றோட்டம் வைத்தலும் வேண்டும்.

அடியறை எனவே, நீர்புகாக் குறுக்குச் சுவர்களைப் பற்றியும் கூறவேண்டும். நம் படகின் உடலை அச்சுவர்களால் சம அளவினவாகிய நான்கு அறைகளாகப் பிரித்தோமாயின், நீரடியில் நின்ற கட்டை ஒன்று குத்தி ஓர் அறை முழுதும் நிரம்பினும், எஞ்சிய மூன்றும் பாரத்தைத் தாங்கும். 8 அங்குலம் தாழ்ந்திருந்த படகு சராசரி 11 அங்குலம் அளவே தாழும். முனையறை நிரம்பின் அம்முனை இன்னும் மிகுதியாகத் தாழும், எனினும் மூழ்காது. சுவரில்லாத உடலாயின் முடிவு கூறவேண்டுவதில்லை.

உயிருக்கு இடராவது நீர் மட்டும் அன்று. கொலராடோ ஆற்றின் பெருநீர்த்தேக்கமாகிய பவல் ஏரியில், 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், படகு வீடொன்றின் பின்தளத்தின் அடியிலிருந்த வெற்றிடத்தருகே நீந்திய சகோதரச் சிறுவர் இருவர் உயிர் நீத்தனர். மின்னாக்கி எஞ்சினின் புகை அவ்விடத்தே வெளிவருமாறு அப்படகு அமைக்கப்பட்டிருந்தது. அப்புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு நிறமும் மணமும் அற்ற வாயு. மயங்கியவன் தான் மயங்குவதை அறியான். இந்நிகழ்ச்சியை ஒட்டி ஆராய்ந்த அரசாங்க ஆய்வாளர், புகைக்குழாயைக் கூரைக்கு மேலே நிமிர்த்தி விடுமாறு அறிவுரைத்தனர். அச்சிறுவரை வீழ்த்தியது ஒரு குழாயின் வாய் நோக்கிய திசை. கட்டுவோன் தாளிற் கோடு இழுக்கும்போதே கருதவேண்டிய செய்தி இது. இவ்வாறே சமையல்வாயு காற்றினும் கனமுடையதாகலின், கசிந்தால் அடியறையிற் சென்று தேங்கும். ஒரு பொறி போதும். அதன் உருளைகளை, அடியில் வெளித்துளையுள்ள தனிப்பெட்டியில் தளத்தின்மேல் வைத்தலே முறை.

பலகைகளைக் கயிற்றால் தைத்துப் படகு செய்தல் நம் நாட்டவர்க்குப் புதிதன்று. சோழமண்டலக் கரையின் மசூலாப் படகும், கேரளத்துக் கெட்டுவள்ளமும் தைத்துக் கட்டியனவே. கெட்டுவள்ளம் 1990-களில் சுற்றுலாப் படகு வீடாக உருமாறியதை ஆலப்புழை சென்றோர் கண்டிருப்பர். ஒட்டுப்பலகைகளைக் கம்பியால் தைத்து, மூலைகளை இழையாலும் பிசினாலும் இறுக்கும் முறையில் 1980-களில் கன்னியாகுமரிக் கரையிலும் தென்கேரளக் கரையிலும் மீன்பிடி வள்ளங்கள் கட்டப்பட்டன. முன்னோர் கையாண்ட தையலைப் புதுப்பொருளில் மீண்டும் கண்ட அம்மக்கள் அதனை அயலென்று ஒதுக்கவில்லை.

இனி, மாணவ நண்பர்களுக்கு ஒரு சொல். நம்முள் எவரும் நாளையே படகு வீடு கட்டப் புகுவார் என்று யான் எண்ணவில்லை. ஆனால், வகுப்பறையில் மதிப்பெண்ணுக்காக எழுதி மறக்கும் மிதப்பு விதி, ஓர் உடலின் பக்கத்தில் நீர்மட்டக் கோடாகப் பென்சிலால் வரையப்பட்டு, படகு நீரில் இறங்கும் நாளில் அக்கோட்டிலேயே நீர் வந்து நிற்கக் காணும் மகிழ்ச்சியைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அளந்தும், நிறுத்தும், பிறர் உயிரைக் கருதியும் செய்தவனுக்கே அது கிட்டும். சிறியதொரு தோணியையேனும் ஒருமுறை கட்டிப் பார்ப்போமாக.