கூண்டு வண்டிக்கு ஒரு வாரிசு

திருவண்ணாமலைக்கோ திருப்பதிக்கோ வேன் வைத்துப் போகாத குடும்பம் ஆற்காட்டுப் பக்கம் குறைவு. கட்டுச்சோறு, பாய், தண்ணீர்க் குடம், ஸ்டவ் எல்லாம் ஏறும். நிழல் கண்ட இடத்தில் சாப்பாடு. ராத்திரி சீட்டில் உட்கார்ந்தபடியே தூக்கம். பெண்கள் பாடுதான் பெரும்பாடு. வழியில் கழிப்பறை கிடைக்காது என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் வரும் அத்தைகளைச் சிறுவயதிலிருந்து பார்த்து வருகிறேன். வைக்கோல் பரப்பிப் படுத்துக்கொண்டே போன அந்தக் காலத்துக் கூண்டு வண்டியில் இதைவிட நிம்மதி இருந்தது.

அந்தக் கூண்டு வண்டிக்கு இன்றைய வாரிசு கேரவன்தான். கேரவன் என்றால் நமக்கு சினிமா நட்சத்திரங்களின் பெரிய வண்டிதான் நினைவுக்கு வருகிறது. நான் சொல்வது அதுவல்ல. சாதாரண வேன் சேஸிஸில் படுக்கை, அடுப்பு, கழிப்பறை வைத்துக் கட்டும் சிறிய வண்டி.

ஜெர்மனியின் வெஸ்ட்பாலியா நிறுவனம் 1950-களின் தொடக்கத்திலேயே ஃபோக்ஸ்வாகன் வேனுக்குள் படுக்கை வசதி செய்துவிட்டது. அமெரிக்கர்கள் பெரிய வண்டிப் பிரியர்கள். 1970-களின் எண்ணெய் நெருக்கடி அவர்களையும் யோசிக்க வைத்தது. 1980-களில் வின்னபாகோ நிறுவனம் ரெனோ டிராபிக் வேனின் சேஸிஸில், சுமார் 20 அடி நீளத்தில், 'லெஷாரோ' என்ற வண்டியைக் கொண்டுவந்தது. அதற்கு 2.1 லிட்டர் டீசல் எஞ்சினே போதுமானதாக இருந்தது.

சிக்கனத்தின் சூட்சுமம் எடையிலும் உயரத்திலும் இருக்கிறது. வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதனால் உயரமும் அகலமும் குறைந்த வண்டிக்கு நெடுஞ்சாலையில் டீசல் மிச்சம். தண்ணீர்த் தொட்டியையும் அளவோடுதான் வைக்க வேண்டும். 100 லிட்டர் என்றால் 100 கிலோ. புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கிய ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொரு கிலோவுக்கும் டீசல் கேட்கும். பஸ் அளவு வண்டி அங்கே திரும்புவதற்கே திணறும்.

நம் ஊரிலும் முயற்சி இல்லாமல் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த 'கேம்பர்வேன் ஃபேக்டரி'யுடன் சேர்ந்து, பொலேரோ பிக்கப்பில் குறைந்த விலைக் கேம்பர் செய்யப்போவதாக மஹிந்திரா 2022-ல் அறிவித்தது. நால்வர் படுக்கலாம்; சமையலறையும் பயோ டாய்லெட்டும் உண்டு. நடுத்தரக் குடும்பத்தை மனத்தில் வைத்த திட்டம் என்பதால் எனக்கு அது பிடித்தது.

ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோலை வெட்டித் தைக்கும் கைகளுக்குப் பஞ்சமில்லை. இந்த வண்டிகளின் இருக்கையும் படுக்கையும் இங்கேயே தயாராகலாம். ஆனால் பழைய வேனை ஏதோ ஒரு ஷெட்டில் கொடுத்து மாற்றிவிடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அதற்கு இடம் தராது. மோட்டார் கேரவனுக்கென்றே ஏ.ஐ.எஸ்.-124 தர விதி இருக்கிறது.

கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்து, அடுத்த ஆண்டே வாகமண்ணில் கேரவன் பூங்காவும் திறந்தது. நமக்கும் நிறுத்த இடம், கரண்ட், நல்ல தண்ணீர், கழிவை இறக்கத் தொட்டி வேண்டும். இதில் தொட்டிதான் முதலில். தோல் கழிவால் பாலாறு பட்ட பாட்டுக்கு 1996-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. வண்டிக் கழிவும் அதில் சேரக்கூடாது. சுற்றுலாத் துறை ஏலகிரி அடிவாரத்தில் இப்படி ஓர் இடத்தை முதலில் அமைத்துத் தரட்டும்.