கப்பல் காணச் சென்றோம்

“கப்பலைப் பார்ப்பதற்கென்று ஒரு பிரயாணமா? அது என்ன, தேர்த் திருவிழாவா?” என்று எங்கள் விடுதி நண்பர் ஒருவர் கேலி செய்தார். கேலி செய்தவரே மறுநாள் விடியற்காலையில் எங்களுக்கு முன்பாக ஸியால்தா நிலையத்தில் வந்து நின்றார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நமது சங்கத்தைச் சேர்ந்த ஒன்பது பேர் டைமண்ட் ஹார்பருக்குப் புறப்பட்டோம். கையில் இரண்டு தொலைநோக்கிகள், ஒரு குறிப்பேடு, இரண்டு பொட்டலம் ஜால்முரி. வேறு மூலதனம் இல்லை.

கப்பல் காண்பது மேனாட்டுத் துறைமுகங்களில் பலருக்கும் உவப்பான பொழுதுபோக்கு. ஜெர்மனியில் ஹாம்பர்க் அருகே வேடல் என்னும் ஊரில், எல்ப் ஆற்றின் வழியே போகும் கப்பல்களுக்கு அவ்வவற்றின் நாட்டுப்பண்ணை ஒலிபரப்பி வரவேற்கும் வழக்கம் 1952 முதல் இருந்துவருகிறது. நம் கல்கத்தாவும் ஹாம்பர்க்கைப் போல ஆற்றுத் துறைமுகமே அன்றோ! பாட்டுப் பாட ஆளில்லாவிட்டாலும் பார்க்கவாவது நாம் போகலாமே என்று எண்ணினோம்.

துறைமுகத்திற்குள் அனுமதியின்றி நுழைய முடியாது. படம் பிடிக்கவும் தடை உண்டு. ஆற்றங்கரைக்கோ அனுமதிச் சீட்டு வேண்டுவதில்லை. 1892-இல் திறந்த கித்தர்ப்பூர் கப்பல்துறைக்கும், இன்று நேதாஜி சுபாஷ் பெயரைத் தாங்கும் துறைக்கும் செல்லும் கப்பல்கள் யாவும் டைமண்ட் ஹார்பரைக் கடந்தே ஆகவேண்டும். கடல்முகத்தில் வழிகாட்டி மாலுமி ஏறிக்கொண்டதும், கடலும் ஆறுமாக 200 கிலோமீட்டருக்கு மேல் வழி. மணல்மேடுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஆகையால் கப்பல்கள் கடலேற்றம் வரும் வேளை பார்த்து நகர்கின்றன. வேளை தவறியவை நங்கூரமிட்டுக் காத்திருக்கின்றன. 1694-இல் ‘ராயல் ஜேம்ஸ் அண்ட் மேரி’ என்னும் கப்பல் ரூப்நாராயண் நதி கலக்கும் இடத்தருகே மணலில் சிக்கி அழிந்தது. அந்த மணல்மேடு இன்றும் அக்கப்பலின் பெயரால் வழங்குகிறது. பெருங்கப்பல்கள் இவ்வளவு தூரம் வருதல் அரிது என்பதால்தான் 1977-இல் ஹால்தியாத் துறை எழுந்தது.

மண் குவளைத் தேநீருடன் படித்துறையில் அமர்ந்தோம். முதலில் வந்தவை வங்கதேசக் கொடி தாங்கிய சிறு சரக்குக் கப்பல்கள். அனல்மின் நிலையச் சாம்பலை நிரப்பிக்கொண்டு, சிமெண்டு ஆலைகளுக்காகப் போகின்றன. மேல்தளம் ஆற்றைத் தொட்டுவிடும் போல அமிழ்ந்து சென்ற அவற்றைக் கண்டு, “இவை மூழ்காதா?” என்று முதலாண்டு மாணவர் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்தே எங்கள் பாடம் தொடங்கிற்று.

கடற்கப்பலின் நடுப்பக்கத்தில் ஒரு வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும் உண்டு. அக்கோடு நீருக்குள் மறையும்படி சரக்கு ஏற்றலாகாது. பக்கத்தில் ஏணிப் படிகள் போன்ற சிறு கோடுகள், கோடைக்கும் குளிருக்கும், கடல்நீருக்கும் நன்னீருக்கும் உரிய எல்லைகளைக் காட்டும். கடல்நீரைவிட நன்னீர் அடர்த்தி குறைந்தது. எனவே ஏழெட்டு மீட்டர் அமிழ்ந்து வரும் கப்பல், ஹூக்ளியின் நன்னீரை அடைந்ததும் மேலும் 15 முதல் 20 சென்டிமீட்டர் அமிழும். அது ஒரு சாணுக்கும் குறைவுதான். மணல்மேட்டுக்கு மேலே செல்லும் வழிகாட்டிக்கு அந்த அளவும் பெரிது.

இந்தக் கோட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. பழைய கப்பல்களில் அளவு மீறிச் சரக்கேற்றி, நிறைய இன்ஷூரன்சும் செய்து அனுப்பிய முதலாளிகள் இங்கிலாந்தில் இருந்தனர். கப்பல் மூழ்கினால் அவர்களுக்கு நஷ்டமில்லை. மாலுமிகளின் மனைவி மக்களுக்கே நஷ்டம். சாமுவேல் பிளிம்சால் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் போராடி, 1876-இல் கோடு கட்டாயம் என்று சட்டம் வரச் செய்தார். ஆயினும் கோட்டை எங்கே வரைவது என்பதைக் கப்பல் முதலாளியின் விருப்பத்திற்கே விட்டுவிட்டனர்! அதன் இடத்தையும் சட்டம் வரையறுக்க 1890 வரை காத்திருக்க நேர்ந்தது.

நண்பகலுக்குப் பின் ஏற்றம் வந்தது. பாதி வெள்ளையும் பாதி சிவப்புமான கொடியுடன் ஒரு சரக்குக் கப்பல் மேல்நோக்கிச் சென்றது. வழிகாட்டி மாலுமி கப்பலில் இருக்கிறார் என்பது அக்கொடியின் பொருள். நங்கூரமிட்டிருந்த இன்னொரு கப்பலின் பின்புறம் எங்கள் பக்கம் திரும்பிற்று. பெயரும், பதிவு செய்த ஊரும், ஏழு இலக்க எண்ணும் தெரிந்தன. புதிய பெயரின் கீழே, வண்ணத்தையும் மீறி, பழைய பெயரின் பற்றவைத்த விளிம்புகள் புடைத்திருந்தன. அவ்வெழுத்துகள் என்ன என்று நண்பர்கள் போட்டி போட்டுக்கொண்டு ஊகித்தனர். நான் மட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு மௌனமாயிருந்தேன்.

அந்த எண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். கப்பலின் பெயர் மாறும், கொடி மாறும், முதலாளி மாறுவார். கட்டும்போது தந்த ஐ.எம்.ஓ. எண் மட்டும் உடைக்கும் நாள் வரை மாறாது. கடற்கப்பல்களுக்கு 1996 முதல் அது கட்டாயம். எண் சரியா என்று சோதிக்க ஒரு எளிய கணக்கும் உண்டு. 9074729 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 139 வரும். அதன் கடைசி இலக்கமாகிய 9-உம், எண்ணின் ஏழாம் இலக்கமும் ஒன்றே.

நான் ஏன் மௌனமானேன்? தூத்துக்குடியில் பிறந்த என் அண்ணன் 2019-இல் ஒரு முகவரிடம் பணம் கட்டி, வளைகுடாவில் ஒரு கப்பலில் வேலைக்கு ஏறினார். மூன்று மாதம் சம்பளம் வந்தது. பிறகு நின்றது. துறைமுகத்திற்கு வெளியே நங்கூரமிட்ட கப்பலில் குடிநீரும் டீசலும் குறைந்துகொண்டே வர, ஏழு மாதம் கிடந்தார். கடலோடிகள் சங்கம் ஒன்று தலையிட்டபின் வீடு வந்தார்; சம்பளம் வரவில்லை. முகவருக்கு உரிமமே இல்லை என்பதும், கப்பலுக்குச் செல்லத்தக்க இன்ஷூரன்சு இல்லை என்பதும், பத்தாண்டில் அதற்கு நான்கு பெயர்கள் என்பதும் பின்னரே தெரிந்தன. “அந்த நம்பரை அஞ்சு நிமிஷம் பார்த்திருந்தா நான் ஏறியிருக்கவே மாட்டேன், தம்பி” என்று அவர் சொன்னது இன்னும் என் காதில் ஒலிக்கிறது.

இதைப் படித்துறையில் சொல்லி முடித்தபோது, மூழ்காதா என்று கேட்ட அந்த முதலாண்டு மாணவர் முகம் வாடிவிட்டது. அவருடைய தம்பியைக் கப்பலில் சேர்ப்பதாகச் சொல்லி ஒருவர் இரண்டு லட்சம் கேட்டிருக்கிறாராம். அம்மா நகையை அடகு வைக்கப் போகிறாராம். அங்கேயே அம்மாவுக்குப் போன் செய்தார். “அம்மா, கப்பலோட நம்பரைக் கேளுங்க. அவரோட லைசென்ஸ் நம்பரையும் கேளுங்க. ரெண்டும் கையில வர்ற வரைக்கும் நகையைத் தொடாதீங்க” என்றார்.

உங்கள் குடும்பங்களிலும் இக்கேள்வி எழலாம். ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். ஆள் சேர்க்கும் முகவருக்கு மத்திய அரசின் கப்பல் துறை தந்த ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்கவேண்டும். வேலை தருவதற்காக அவர் கடலோடியிடம் பணம் வாங்குவது விதிப்படி தவறு. கப்பலின் எண்ணைக் கொண்டு, எக்வாசிஸ் என்னும் தளத்தில் முதலாளி யார், இன்ஷூரன்சு எங்கே, சோதனைகளில் என்ன குறை கண்டார்கள் என்பவற்றைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-இல் ஏற்றது. அதன் திருத்தம் 2017-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, இரண்டு மாதம் சம்பளம் தராவிட்டாலே கடலோடி கைவிடப்பட்டவராகக் கருதப்படுவார். நான்கு மாதம் வரையிலான சம்பளப் பாக்கிக்கும், ஊர் திரும்பும் செலவுக்கும் பொறுப்பேற்கும் சான்றிதழ் கப்பலில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கவேண்டும். பனாமா, லைபீரியா போன்ற அயல்நாட்டுக் கொடி பறப்பது குற்றமன்று. நல்ல கப்பல்களும் அக்கொடிகளைத் தாங்குகின்றன. கேட்கவேண்டிய கேள்வி, ஆபத்தில் பொறுப்பேற்பவர் யார் என்பதே.

மாலையில் நீர் வற்றத் தொடங்கியது. அன்று கண்டவை பதினொரு கப்பல்கள் என்று குறிப்பேட்டில் எழுதினோம். கேலி செய்த நண்பர், “ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் போட்டிருக்கலாமே” என்றார். அடுத்த பிரயாணத்திற்கு அந்தக் கட்டத்தையும் சேர்த்திருக்கிறோம். முதலாண்டு மாணவரின் அம்மாவுக்கு அந்த முகவர் இன்றுவரை எண் எதுவும் தரவில்லை. நகை வீட்டிலேயே இருக்கிறது.

அடுத்த முறை ஹால்தியாவுக்குச் செல்ல எண்ணம். வர விரும்பும் நண்பர்கள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.