எல்லோரும் ஒன்றாக உயிர்த்தெழுவார்களாம்... கல்லறைக்கு மட்டும் ரெண்டு பாதையா?

நைனார்பாளையம்,

ஈஸ்டர் என்றால் நம்ம பக்கத்தில் பலருக்கும் தெரிந்தது இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை சிலுவையில் இறந்த ஏசு, ஞாயிற்றுக்கிழமை உயிரோடு எழுந்தார். சர்ச்சில் ராத்திரி பூசை, கையில் மெழுகுவர்த்தி, மறுநாள் வீட்டில் பிரியாணி. சரி, இந்த நம்பிக்கைக்கு அன்றாட வாழ்க்கையில் என்ன வேலை?

முதலில் ஒரு குழப்பத்தை தீர்த்துக் கொள்ளலாம். இது மறுபிறவி அல்ல. செத்தவர் வேறு வீட்டில் வேறு ஆளாக பிறப்பார் என்று கிறிஸ்தவம் சொல்வதில்லை. அதே ஆள்தான் கடைசி நாளில் எழுந்திருப்பார் என்கிறது. மக்காச்சோளம் போடுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். மண்ணில் போட்ட விதை அப்படியே வெளியே வருவதில்லை, பயிராகத்தான் வருகிறது. ஆனால் சோளம் சோளம்தான். புனித பவுல் கொரிந்து நகர சபைக்கு எழுதிய கடிதத்தில் இந்த விதை உதாரணத்தைத்தான் சொல்லி இருக்கிறார்.

உடம்புக்கு மரியாதை கொடுப்பது இதனால்தான். எரிக்காமல் புதைப்பதும் இதனால் வந்த வழக்கம்தான் (1963-ல் கத்தோலிக்க சபை எரிக்கவும் அனுமதி கொடுத்து விட்டது). நவம்பர் 2-ந்தேதி கல்லறைத் திருநாளில் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள்.

பைபிளில் இன்னொரு விஷயம் உண்டு. உயிர்த்தெழுந்த ஏசு அரண்மனைக்குப் போகவில்லை. ராத்திரி முழுக்க வலை போட்டும் ஒரு மீன்கூட கிடைக்காத சீடர்களுக்கு கரையில் நெருப்பு மூட்டி, மீன் சுட்டு, காலை சாப்பாடு போட்டார். கையில் ஆணிக் காயமும் அப்படியே இருந்தது. பாடுபட்ட உடம்பு வீணில்லை என்று உழைக்கிறவர்கள் இதை எடுத்துக் கொள்ளலாம்.

நாம் எடுக்கிற ஞாயிறு லீவும் இதில் இருந்து வந்ததுதான். ஏசு எழுந்த நாள் என்று கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடினார்கள். கி.பி. 321-ல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அதை ஓய்வு நாளாக்கினார். பம்பாய் மில் தொழிலாளர்களுக்கு அது சும்மா கிடைக்கவில்லை. நாராயண் மேகாஜி லோகாண்டே போராடி 1890-ல் வாங்கிக் கொடுத்தார்.

இனிமேல்தான் கசப்பான சங்கதி. நம்ம கள்ளக்குறிச்சி மாவட்டத்து எறையூரில் (அப்போது விழுப்புரம் மாவட்டம்) வன்னியர் கிறிஸ்தவர்களும் தலித் கிறிஸ்தவர்களும் ஒரே ஜெபமாலை மாதா கோவில் பங்கைச் சேர்ந்தவர்கள். ஆனால் கல்லறை தனி, சவ ஊர்வலம் போகிற பாதையும் தனி. வெறுத்துப்போன தலித் மக்கள் தங்கள் சகாய மாதா ஆலயத்தை தனிப் பங்காக்கச் சொல்லி 2008 மார்ச்சில் உண்ணாவிரதம் இருந்தார்கள். மார்ச் 9-ந்தேதி மோதல் வெடித்தது. தலித் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் வன்னியர் கிறிஸ்தவர்கள் 2 பேர் பலியானார்கள்.

அந்த வருஷம் ஈஸ்டர் மார்ச் 23. சரியாக 2 வாரம்தான் இருந்தது. அந்த ஞாயிறு கத்தோலிக்க கோவில்களில் வாசிக்க வேண்டிய நற்செய்தி எது தெரியுமா? செத்து 4 நாளான லாசரை, கல்லை எடுக்கச் சொல்லி, கல்லறையில் இருந்து ஏசு வெளியே கூப்பிட்ட கதை!

எறையூரை மட்டும் குறை சொல்வது நியாயம் இல்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து குறுக்கே சுவரே எழுப்பி இருந்தார்கள். 2010-ல் பெரியார் திராவிடர் கழகத்தினர், அதாவது கடவுளே இல்லை என்று சொல்கிறவர்கள், உள்ளே போய் அதில் ஒரு பகுதியை இடித்து கைதானார்கள்.