நிலக்கரி தேடிய வழி

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. இங்கிலாந்து நாட்டின் மான்செஸ்டர் நகரம் துணி நெசவாலும் வணிகத்தாலும் வளர்ந்துகொண்டிருந்தது. அடுப்பு எரிக்கவும் தொழில் நடத்தவும் அந்நகர மக்களுக்கு நிலக்கரி வேண்டும். நிலக்கரிக்குப் பஞ்சமில்லை. ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் இருந்த வொர்ஸ்லி என்னும் ஊரில் அது நிலத்தடியில் நிறைந்து கிடந்தது. ஆயினும் நகரில் அதன் விலை உயர்ந்தே இருந்தது. ஏன்?

அக்காலச் சாலைகள் மழை பெய்தால் சேறாகிவிடும். வண்டிச் சக்கரங்கள் அச்சு வரை புதைந்துவிடும். ஆகவே, பெரும்பாலும் குதிரைகளின் முதுகிலேயே பொதிகளை ஏற்றினர். ஒரு பொதிக்குதிரை சுமக்கக்கூடிய எடை ஏறத்தாழ 125 கிலோகிராம்தான். குதிரைக்குத் தீனி வேண்டும். ஓட்டுபவருக்குக் கூலி வேண்டும். சாலைக்குச் சுங்கமும் செலுத்த வேண்டும். இவை யாவும் கரியின் விலையோடு சேர்ந்துகொண்டன.

அதே குதிரையைக் கால்வாய்க் கரையில் நடக்கவிட்டு, நீரில் மிதக்கும் படகைக் கயிற்றால் இழுக்கச் செய்தால் 25 டன்னுக்கும் மேற்பட்ட சுமையை அது இழுத்துச் செல்லும். படகின் எடையை நீர் தாங்கிக்கொள்கிறது; மெல்லச் செல்லும்போது நீரின் தடையும் மிகக் குறைவு. குதிரையின் வலிமை மாறவில்லை, வழி மட்டுமே மாறியது.

வொர்ஸ்லி சுரங்கங்களின் உரிமையாளரான மூன்றாம் பிரிட்ஜ்வாட்டர் கோமகன் பிரான்சிஸ் எகர்ட்டன் இதனை உணர்ந்தார். 1759-ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தின் இசைவு பெற்றுக் கால்வாய் வெட்டத் தொடங்கினார். அதற்காகப் பெருங்கடன் பட்டார். பணியை வகுத்தவர் ஜேம்ஸ் பிரிண்ட்லி. ஆலை இயந்திரங்களை அமைத்தும் பழுது பார்த்தும் வாழ்ந்தவர். பள்ளிக் கல்வி மிகக் குறைவு.

வழியில் இர்வெல் என்னும் ஆறு குறுக்கிட்டது. கால்வாயை ஆற்றின் மட்டத்திற்கு இறக்கி மீண்டும் ஏற்றுவதற்கு மாறாக, ஆற்றின் மேலேயே வளைவுகளால் ஆன கற்பாலம் ஒன்றைக் கட்டி, அதன்மேல் கால்வாயைக் கொண்டுசெல்ல பிரிண்ட்லி முடிவு செய்தார். நீர் கசியாதா? களிமண்ணை நீர்விட்டுப் பிசைந்து, நன்கு மிதித்துக் கெட்டிப்படுத்தி, கால்வாயின் அடியிலும் பக்கங்களிலும் பூசினார்கள். நம் நாட்டில் குளத்துக் கரை அமைப்போருக்கும் களிமண்ணின் இவ்வியல்பு புதிதன்று. 1761-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பார்ட்டன் என்னுமிடத்தில் அப்பாலம் திறக்கப்பட்டது. கீழே ஆற்றில் ஒரு படகு, மேலே பாலத்தில் மற்றொரு படகு! அக்காட்சியைக் காணத் தொலைவிலிருந்தும் மக்கள் வந்தனர். கால்வாயின் மறுமுனையோ சுரங்கத்தின் உள்ளேயே நுழைந்தது. கரி வெட்டிய இடத்திலேயே படகில் ஏற்றலாம். மான்செஸ்டரில் நிலக்கரியின் விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

இவ்வெற்றியைக் கண்டு நாடெங்கும் கால்வாய்கள் வெட்டப்பட்டன. 1830-ஆம் ஆண்டளவில் பிரிட்டனின் நீர்வழிகள் ஏறத்தாழ 4,000 மைல் நீளம் இருந்தன. மண்வெட்டியும் தள்ளுவண்டியும் கொண்டு அவற்றைத் தோண்டிய தொழிலாளர் பல்லாயிரவர். அவர்களுடைய பெயர்கள் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை. மலையைக் குடைந்த சில சுரங்கவழிகளில் குதிரை நடக்கக் கரையே இல்லை. அங்குப் படகின்மேல் மல்லாந்து படுத்து, சுரங்கச் சுவரைக் கால்களால் உதைத்து உதைத்துப் படகை நகர்த்தினார்கள். இருளில் சில மணி நேரம் நீளும் வேலை அது.

கால்வாய்க்கும் குறைகள் இருந்தன. குளிர்காலத்தில் நீர் உறைந்தது, கோடையில் வற்றியது. லிவர்பூல் துறைமுகத்தில் இறங்கிய பஞ்சு மான்செஸ்டர் ஆலைகளைச் சென்றடைய நெடுநாள் ஆயிற்று. அப்பஞ்சின் பெரும்பகுதி அமெரிக்காவின் தென்பகுதியில் அடிமைகளாக வைக்கப்பட்டோரின் உழைப்பால் விளைந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. நீர்வழி உரிமையாளர்கள் மிகுதியான கட்டணம் பெறுவதாக வணிகர்கள் குறைகூறினர். ஒருகாலத்தில் கரியின் விலையைப் பாதியாக்கிய கால்வாயே இப்போது அவர்களுக்குத் தடையாகத் தோன்றியது. வேறு வழி தேடினர்.

அவ்வழியும் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்தே பிறந்தது. சுரங்கங்களில் மரத் தண்டவாளங்கள்மேல் குதிரைகள் கரிவண்டிகளை இழுப்பது பழைய வழக்கம். பின்னர் மரத்தின் இடத்தை இரும்பு பிடித்தது. 1804-ஆம் ஆண்டு ரிச்சர்டு டிரெவிதிக் வேல்சு நாட்டில் நீராவி எந்திரம் ஒன்றைத் தண்டவாளத்தில் ஓட்டி, 10 டன் இரும்பை இழுக்கச் செய்தார். எந்திரம் வென்றது. ஆனால், அதன் எடையைத் தாங்காமல் வார்ப்பிரும்புத் தண்டவாளங்கள் உடைந்தன. இங்கும் குறை வழியில்தான்!

பதினெட்டு வயதுக்குப் பிறகே எழுதப் படிக்கக் கற்ற சுரங்கத் தொழிலாளி ஜார்ஜ் ஸ்டீவன்சன். எந்திரம், தண்டவாளம் இரண்டையும் ஒருசேரச் சீர்செய்தவர் அவர். லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே இருப்புப்பாதை அமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. வழியில் சாட்மாஸ் என்னும் பெரிய சதுப்புநிலம் இருந்தது. கொட்டிய மண்ணையெல்லாம் அது விழுங்கியது. புதர்ச் செடிகளையும் மரக்கிளைத் தட்டிகளையும் பரப்பி, அவற்றின்மேல் பாதையை மிதப்பதுபோல் அமைத்தார் ஸ்டீவன்சன்.

1829-ஆம் ஆண்டு ரெயின்ஹில் என்னுமிடத்தில் எந்திரங்களுக்கு ஒரு போட்டி நடந்தது. பரிசு 500 பவுன். போட்டிக்கு வந்த ஐந்தில் ஒன்றனுள், சுழலும் பலகைமேல் ஒரு குதிரை நடந்து சக்கரத்தை ஓட்டியது! குதிரையை விட்டுவிட எல்லாருக்கும் மனம் வரவில்லை போலும். ஸ்டீவன்சனும் அவர் மகன் இராபர்ட்டும் உருவாக்கிய 'ராக்கெட்' வென்றது. அதன் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 47 கிலோமீட்டர்.

1830-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் பாதை திறக்கப்பட்டது. அன்றே துயரமும் நேர்ந்தது. வழியில் வண்டி நின்றபோது இறங்கி நின்ற நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் ஹஸ்கிசன், அடுத்த தண்டவாளத்தில் வந்த 'ராக்கெட்' மோதி உயிரிழந்தார். தம்மை நோக்கி வரும் எந்திரத்தின் வேகத்தை மதிப்பிடும் பழக்கம் மக்களின் கண்களுக்கு அதுவரை இருந்ததில்லை.

சரக்கு ஏற்றிச் செல்வதே வருவாய் தரும் என்று பாதையை அமைத்தோர் எண்ணியிருந்தனர். ஆனால், பயணிகள் திரண்டு வந்தனர். முதல் முழு ஆண்டிலேயே 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பயணம் செய்தனர். குதிரை வண்டியில் நான்கு மணி நேரத்துக்கு மேலான பயணம் இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கியது. அச்சாலையில் ஓடிய பயணக் குதிரை வண்டிகள் விரைவில் பெரும்பாலும் நின்றுபோயின. வண்டியோட்டிகளும் குதிரை பராமரிப்போரும் சாலையோர விடுதியினரும் பிழைப்பை இழந்தனர்.

இருப்புப்பாதை கடிகாரத்தையும் விட்டுவைக்கவில்லை. அதற்கு முன் ஒவ்வோர் ஊரும் கதிரவனைக் கொண்டு தன் நேரத்தைக் கணித்தது. பிரிஸ்டல் நகரின் நேரம் லண்டன் நேரத்தைவிட 10 நிமிடம் பின்தங்கியிருந்தது. ஊருக்கு ஊர் நேரம் மாறினால் வண்டிகளுக்குக் கால அட்டவணை எழுதுவது எங்ஙனம்? 1840-ஆம் ஆண்டு கிரேட் வெஸ்டர்ன் இருப்புப்பாதை தன் நிலையங்களில் லண்டன் நேரத்தையே பின்பற்றத் தொடங்கியது. பிரிஸ்டல் வணிக மாளிகைக் கடிகாரத்தில் இன்றும் இரண்டு நிமிட முள்கள் உள்ளன: ஒன்று லண்டனுக்கு, மற்றொன்று பிரிஸ்டலுக்கு.

இதே சிக்கல் பின்னர் இந்தியாவிலும் எழுந்தது. மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் இடைப்பட்டதாக இருந்த சென்னை நேரத்தை இருப்புப்பாதைகள் ஏற்றுக்கொண்டன. 1906-ஆம் ஆண்டு இந்தியச் சீர்நேரம் நடைமுறைக்கு வரும்வரை, மும்பையில் வண்டி ஏறச் சென்றவர்கள் தம் ஊர்க் கடிகாரத்தோடு ஏறத்தாழ 30 நிமிடம் கூட்டிக்கொண்டே நிலையத்துக்குப் புறப்பட வேண்டியிருந்தது.