கணக்கு வராத பிள்ளைகள் அல்ல

“எனக்குக் கணக்கு வராது” என்று சொல்லி, பதினொன்றாம் வகுப்பில் விரும்பிய பிரிவையே விட்டுவிடும் பிள்ளைகள் நம் மஹல்லாவில் உண்டு. மாலை வகுப்பில் அவர்களின் நோட்டுகளைப் பார்த்தோம். பெரும்பாலும் மூன்றே பிழைகள்.

எக்ஸ் − 5 = 12 என்றால் 7 என்று எழுதுகிறார்கள். இருபுறமும் 5-ஐக் கூட்ட வேண்டும், விடை 17. குறைந்ததை இப்படி ஈடுசெய்வதே அரபியில் ‘அல்ஜப்ர்’. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பில் உள்ள அச்சொல்லே ‘அல்ஜீப்ரா’ ஆனது.

அடுத்து, 3-ஐயும் 4-ஐயும் கூட்டி வர்க்கம் எடுத்தால் 49. தனித்தனியே வர்க்கம் எடுத்துக் கூட்டினால் 25தான். விடுபடும் 24, அதாவது 2 × 3 × 4, நடு உறுப்பு. அதை மறக்கக் கூடாது.

வடிவியலில், செங்கோணம் போலத் தெரிந்தாலே பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டுவிடுகிறார்கள். செங்கோணம் என்று கேள்வியிலோ படத்தின் குறியிலோ இருக்க வேண்டும். இல்லையேல் நிரூபிக்க வேண்டும்.

பெற்றோர்களே, உங்களுக்குக் கணக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. “வந்த விடையைக் கேள்வியில் திரும்பப் போட்டுப் பார்த்தாயா?” என்று மட்டும் தினமும் கேளுங்கள். 17-இல் 5 போனால் 12, சரி. 7-இல் 5 போனால் 2. தவறு எங்கே என்று பிள்ளையே தேடும்.