மூக்கு அறியாத நஞ்சு

கடையிலிருந்து வந்த கறியை அம்மா முதலில் என்ன செய்கிறார்? சட்டியில் போடுமுன் முகர்ந்து பார்க்கிறார். மீனாக இருந்தால் செவுளைத் தூக்கிப் பார்க்கிறார். கண் தெளிவாக இருக்கிறதா என்று கவனிக்கிறார். விரலால் அழுத்திப் பார்க்கிறார். நாடித் துடிப்பைக் கொண்டு நோயை அறிவது போன்ற கலை இது. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த இந்த அறிவுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை எது என்பதையே இக்கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

கடலாடிப் பகுதியை எடுத்துக்கொள்வோம். இராமநாதபுரம் மாவட்டத்தின் இந்த வறண்ட பூமியில் ஆடு வளர்ப்பு உண்டு. தெற்கே மூக்கையூர், வாலிநோக்கம் கரைகளில் மீன்பிடித்தல் உண்டு. ஆட்டுக்கறி, மீன் இரண்டுமே தசைகள்தாம். கோடையில் வெப்பம் 35 டிகிரி செல்சியசைத் தாண்டும் இந்த மண்ணில், அந்தத் தசைகளுக்கு என்ன நேருகிறது?

நிறம் சொல்வது என்ன?

புதிதாக அறுத்த இறைச்சித் துண்டின் உட்பக்கம் சற்றே ஊதா கலந்த நிறத்தில் இருக்கும். காற்றுப் பட்டதும் சிவக்கும். தசையிலுள்ள மையோகுளோபின் என்னும் புரதம் ஆக்சிஜனோடு சேர்வதே இதற்குக் காரணம். நேரம் செல்லச் செல்ல, அப்புரதத்திலுள்ள இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து இறைச்சி பழுப்பாகும். பழுத்த நிறம் வந்துவிட்டதாலேயே இறைச்சி கெட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. சிவப்பாக இருப்பதாலேயே நல்லது என்றும் சொல்ல முடியாது. நிறம் ஒரு குறிப்பு; தீர்ப்பு அன்று.

வாடை எங்கிருந்து வருகிறது?

நல்ல உடல்நலமுள்ள ஆட்டின் தசைக்குள் பாக்டீரியாக்கள் அநேகமாக இருப்பதில்லை. தோல், குடல், கத்தி, வெட்டுக்கட்டை, தண்ணீர், கை, ஈ ஆகியவற்றிலிருந்து அவை இறைச்சியின் மேற்பரப்பில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. கொத்துக்கறி விரைவில் கெடுவது ஏன் என்று இப்போது விளங்குகிறதா? கொத்தும்போது மேற்பரப்பு முழுவதும் உள்ளே போய்விடுகிறது!

இப்பாக்டீரியாக்களில் சூடோமோனஸ் போன்ற சில வகைகள் இறைச்சியின் புரதத்தைச் சிதைத்து, வாடை வீசும் பொருள்களையும் வழவழப்பையும் உண்டாக்குகின்றன. கடல்மீனில் இன்னொரு வேதியியல் நடக்கிறது. அதன் தசையில் இயல்பாகவே உள்ள டிரைமீதைலமீன் ஆக்சைடு என்னும் மணமற்ற பொருளைப் பாக்டீரியாக்கள் டிரைமீதைலமீனாக மாற்றுகின்றன. பழைய மீனின் வாடை இதுவே.

ஆனால், ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ ஒரு கோடி பாக்டீரியாக்கள் பெருகிய பிறகே இந்த வாடை நம் மூக்குக்கு எட்டும். ஆகவே வாடை வீசினால் சந்தேகமின்றி எறிந்துவிடலாம். வாடை வீசாவிட்டால்?

இங்கேதான் மூக்கின் எல்லை வருகிறது. இறைச்சியைக் கெடுக்கும் பாக்டீரியாக்கள் வேறு; நமக்கு நோய் தரும் பாக்டீரியாக்கள் வேறு. சால்மோனெல்லா, ஷிகெல்லா, சில வகை ஈ.கோலை போன்றவை இறைச்சியின் மணத்தையோ நிறத்தையோ மாற்றாமலேயே அதில் இருக்கக்கூடும். 2022 மே மாதம் கேரளத்தின் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா உண்ட பலர் நோயுற்றனர். 16 வயதுச் சிறுமி ஒருவர் இறந்தார். நோயுற்றவர்களிடம் ஷிகெல்லா கண்டறியப்பட்டது. துர்நாற்றம் வீசும் இறைச்சியை யாரும் காசு கொடுத்து வாங்கி உண்ணமாட்டார்கள் அல்லவா?

கொதித்தாலும் சாகாத நஞ்சு

"நன்றாக வேகவைத்தால் எல்லாக் கிருமியும் செத்துவிடுமே!" என்று நீங்கள் கேட்கலாம். இறைச்சியின் நடுப்பகுதி 75 டிகிரி செல்சியசை எட்டும்படி வேகவைத்தால் நாம் மேலே கண்ட பாக்டீரியாக்கள் மடிந்துவிடும். உண்மைதான். ஆனால், அவை விட்டுச்சென்ற பொருள்களெல்லாம் மடிவதில்லை.

சூரை, கானாங்கெளுத்தி, சாளை ஆகிய மீன்களை எண்ணிப்பாருங்கள். இவற்றின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதி. பிடித்த மீனைப் பனிக்கட்டியில் வைக்காமல் வெயிலில் போட்டால், சில பாக்டீரியாக்கள் ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. ஹிஸ்டமின் கொதிக்கும் குழம்பிலும் அழியாது, உறையவைத்தாலும் அழியாது, உப்பிட்டாலும் அழியாது. அது மிகுந்த மீனை உண்டவருக்குச் சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவக்கும்; அரிப்பு, தலைவலி, நெஞ்சுப் படபடப்பு உண்டாகும். "எனக்கு இந்த மீன் ஒத்துக்கொள்ளாது" என்று அவர் மீன்மேல் பழிபோடுவார். குற்றம் மீனுடையதன்று, வெயிலில் கழிந்த மணிகளுடையது. பன்னாட்டு உணவு நெறிமுறைக் குழுவான கோடெக்ஸ், இத்தகைய மீன்களில் ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் ஹிஸ்டமின் இருக்கக்கூடாது என்று வரையறுத்துள்ளது. இந்த அளவை ஆய்வுக்கூடம் காணும்; நாக்கும் மூக்கும் காணா.

கண்ணை ஏமாற்றுவாரும் உண்டு. 2018 ஜூன் மாதம், கேரள எல்லையிலுள்ள ஆரியங்காவு சோதனைச் சாவடியில் ஃபார்மலின் கலந்த மீன் ஆயிரக்கணக்கான கிலோ பிடிபட்டது. உங்கள் பள்ளி உயிரியல் ஆய்வுக்கூடத்தில் தவளையும் பாம்பும் கண்ணாடிக் குடுவையில் மிதக்கின்றனவே, அந்தத் திரவந்தான் ஃபார்மலின்! அதிலுள்ள ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கவல்லது. அது பட்ட மீன் அழுகாது. தசை விறைப்பாகவே நிற்கும். இதைக் கண்டறிய, கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் எளிய சோதனைத் தாள் ஒன்றை உருவாக்கியது.

கடிகாரமே நீதிபதி

அப்படியானால் எதை நம்புவது? நேரத்தையும் வெப்பத்தையும் நம்புங்கள். கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். ஏற்ற வெப்பநிலையில் ஒரு பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிளவுபடும். காலை 7 மணிக்கு ஓர் இறைச்சித் துண்டில் 100 பாக்டீரியாக்கள் இருந்தால் 8 மணிக்கு 800. 9 மணிக்கு 6,400. 10 மணிக்கு 51,200. பகல் 1 மணிக்கு? 2 கோடியே 62 லட்சத்தைத் தாண்டிவிடும்! புதிய இடத்துக்குப் பழக அவை தொடக்கத்தில் சிறிது நேரம் எடுத்துக்கொள்ளும் என்பது உண்மையே. ஆயினும் வெயிலில் அவற்றின் வேகம் இத்தகையது. 5 முதல் 60 டிகிரி வரையிலான வெப்பமே அவற்றுக்கு உகந்தது. ஆகவே சமைக்காத இறைச்சி வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருத்தல் கூடாது. 32 டிகிரியைத் தாண்டும் நாள்களில் 1 மணி நேரமே எல்லை.

குளிர்பதனப் பெட்டியின் 4 டிகிரியில் பாக்டீரியாக்கள் சாவதில்லை, சோம்பிக் கிடக்கின்றன. அங்கே கோழிக்கறி, கொத்துக்கறி, மீன் ஆகியவற்றை 1 அல்லது 2 நாள் வைக்கலாம். ஆட்டுக்கறித் துண்டுகளை 3 முதல் 5 நாள் வைக்கலாம். மைனஸ் 18 டிகிரியில் அவை பெருகுவதே இல்லை. ஆனால் மின்சாரம் நின்று இறைச்சி இளகினால், விட்ட இடத்திலிருந்து மறுபடியும் தொடங்கிவிடும்.

பனிக்கட்டி இல்லாத நாளில் நம் முன்னோர் என்ன செய்தார்கள்? உப்புக்கண்டமும் கருவாடும் போட்டார்கள். உப்பு இறைச்சியிலுள்ள நீரை இழுத்துக்கொள்கிறது. வெயில் மீதியை உலர்த்துகிறது. நீரின்றிப் பெரும்பாலான பாக்டீரியாக்களால் பெருக முடியாது. 1974-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளங்கள் இதே வாலிநோக்கம் பகுதியில்தான் இருக்கின்றன. ஆனால் உப்பு நல்ல மீனைக் காக்குமேயன்றி, கெட்ட மீனை நல்லதாக்காது. கறியில் தடவும் மஞ்சளுக்கும் எலுமிச்சைக்கும் இதே விதிதான்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். கோழிக்கறியைக் குழாய்நீர் தெறிக்கத் தெறிக்கக் கழுவினால், பாக்டீரியாக்கள் பக்கத்திலுள்ள வெங்காயத்துக்கும் தட்டுக்கும் குடிபெயரும். கறி நறுக்கிய கத்தியால் அப்படியே வெள்ளரிக்காய் நறுக்கலாகாது. கறியாவது அடுப்பில் வேகப்போகிறது, வெள்ளரி வேகப்போவதில்லை.

அடுத்தமுறை கறி வாங்கப் போகும்போது, கண்ணும் மூக்கும் தம் வேலையைச் செய்யட்டும். அவை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவை சரி என்றாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எப்போது அறுத்தது, அல்லது பிடித்தது? அதுமுதல் குளிரில் இருந்ததா, வெயிலில் இருந்ததா? அடுப்பில் ஏற இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்? இவற்றுக்கு விடை தெரியாத இறைச்சியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்காமல் திரும்புவதே அறிவு.